கீழிருந்து மூன்றாம் வரி

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை எழுந்துகொண்டே இருந்தேன். அந்த நாட்களில் நான் உட்கார்ந்த எந்த நாற்காலியும் சூடாகவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அலுவலகத்தில் என் பட்டப்பெயர் பசை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்பதற்காக வைத்த பெயர். தொழிலுக்கும் பொருந்தும். கல்வெட்டு உள்ள சுவரில் ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி, காய்ந்ததும் உரித்தெடுப்பது என் வேலை. தாள் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். அதைப் படி என்போம். முப்பது வருடமாக எடுக்கிறேன், ஆனால் அந்தப் பழைய எழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது. காரணம் சோம்பல்தான். கேட்டால், வாசிக்கத் தெரிந்தவன் தனக்குத் தெரிந்த எழுத்தைத்தான் அழுத்தி அடிப்பான் என்று தத்துவம் பேசுவேன். அடிப்பது நான், வாசிப்பது அக்கா.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவர், எங்கள் பிரிவின் பதிப்பாசிரியர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். முதுகுக்குப் பின்னால் அவருக்கு அதுவே பெயர். பத்தொன்பது வருடத்துக்கு முன் நான் எடுத்த ஒரு படியின்மேல்தான் அவர் தன் வாழ்க்கையைக் கட்டினார். பழைய கோயில் ஒன்றின் வடக்குச் சுவர், இருபத்திரண்டு வரிகள். கீழிருந்து நான்காம் வரியில், கோயிலுக்கு விளக்கு வைத்த ஒரு பெண்ணின் பெயர் வருகிறது. மூன்றாம் வரியில், இதைக் கல்லில் வெட்டியது இன்னார் என்று சொல்லும் இடத்தில், மறுபடியும் அதே பெயர். விளக்கு வைத்தவளே உளியையும் பிடித்திருக்கிறாள் என்று அக்கா எழுதினார்.

பெண்ணாவது, கல் வெட்டுவதாவது என்று பெரிய தலைகள் சிரித்தன. அக்கா விடவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசினார், சண்டை போட்டார், கடைசியில் பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு பத்தியாக அவளை உள்ளே கொண்டுவந்தார். அவளை "நம்ம ஆளு" என்பார், ஏதோ அடுத்த தெருவில் குடியிருப்பவளைப் போல. நம்ம ஆளைப் பற்றிப் பன்னிரண்டு வருடம் எழுதிய புத்தகம் அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அச்சகம் போகவேண்டும். அந்த மாதக் கடைசியில் அக்காவுக்கு ஓய்வு. புத்தகத்தோடு படியிறங்கி வெளியே போகவேண்டும் என்பது அவர் கணக்கு.

செவ்வாய்க்கிழமை காலை என் அறைக்கு வந்தார்.

"தம்பி, நம்ம ஆளு அட்டைக்கு வர்றா. அட்டை முழுக்க அந்த ரெண்டு வரிதான். முகத்தைக் கழுவி, பவுடர் போட்டு, பெரிய சைஸ்ல ஸ்கேன் பண்ணி அனுப்பு."

இரும்பு அலமாரியிலிருந்து சுருளை எடுத்து விரித்தேன். ஸ்கேன் செய்தேன். திரையில் பெரிதாக்கினேன். நான்காம் வரியில் அவள் பெயர், கடைசி எழுத்தின் காலடியில் கல் சில்லுப் பெயர்ந்து குருவியின் பாதம் மாதிரி மூன்று கிளையாக ஒரு தழும்பு. சரி, பழைய கல்லென்றால் தழும்பு இருக்கும். மூன்றாம் வரிக்கு இறங்கினேன். அதே பெயர், அதே கடைசி எழுத்து, அதே காலடியில் அதே குருவிப் பாதம். நடுக்கிளை மட்டும் கொஞ்சம் நீளம். அங்கேயும் நீளம், இங்கேயும் நீளம்.

இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட அம்மைத் தழும்பு ஒரே இடத்தில் விழாது. ஒரே கல்லில் ஒரே சில்லு இரண்டு தடவை எப்படிப் பெயரும்? கேள்வி முடிவதற்குள் பதில் தெரிந்துவிட்டது. அந்த மூன்றாம் வரியில் அந்த இடத்தில் இருந்தது கல்லிலிருந்து நேராக வந்த தாள் இல்லை. நான் போட்ட ஒட்டு.

நடந்தது இதுதான். பத்தொன்பது வருடத்துக்கு முன், படி எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் கடைசித் தாளும் தீர்ந்துவிட்டது. படியை உரித்தேன், சுவரில் ஒட்டியிருந்த துணுக்குகளை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தேன், அடிவரி தெரிவதற்காகத் தோண்டிய மண்ணைத் திரும்பக் குழியில் தள்ளி மிதித்தேன். இடத்தை எப்படிப் பார்த்தோமோ அப்படியே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது எங்கள் சட்டம். அப்புறம் படியைத் தரையில் விரித்தால், கீழிருந்து மூன்றாம் வரியில் நாலு விரல் அகலத்துக்கு ஓட்டை. அந்த இடத்துத் தாள் கல்லிலேயே தங்கி, என் ஈரத்துணியோடு போயிருக்கிறது. வெளியே வண்டியில் அக்கா, "பசை செவுத்துலயே ஒட்டிக்கிட்டானா?" என்று கத்திக்கொண்டிருந்தார். கைப்பையில் கிடந்த தாளின் வெட்டுத்துண்டு ஒன்றை நனைத்துக்கொண்டு ஓடினேன். கல்லின் இணைப்பை வைத்து இடது வலது சரிபார்த்தேன். கீழிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். அடித்தேன், மை ஒற்றினேன், வந்துவிட்டேன். ஊருக்குத் திரும்பியதும் ஓட்டையில் பொருத்தி, விளிம்பில் மை தடவி, பின்பக்கம் முழுக்க வேறு தாள் ஒட்டிவிட்டேன். யாருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லவும் இல்லை. வேலை தெரிந்தவன் தாளைக் கிழிப்பானா என்று கேட்பார்களே என்ற வெட்கம்.

மண்ணைத் தள்ளியபோது அடிவரி மண்ணுக்குள் போய்விட்டதை அன்று நான் நினைக்கவே இல்லை. நான் மூன்று என்று எண்ணியது நான்காம் வரி. விளக்கு வைத்தவளின் பெயரையே இரண்டாம் தடவை எடுத்துக்கொண்டு வந்து, கல் வெட்டியவர் பெயர் இருந்த ஓட்டையில் ஒட்டியிருக்கிறேன். நம்ம ஆளு உளியே பிடிக்கவில்லை. அவள் கையில் உளியைக் கொடுத்தவன் நான்.

போய்ச் சுவரைப் பார்த்துவிடலாம் என்றால் சுவரும் இல்லை. நாங்கள் வந்து இரண்டு வருடம் கழித்து, கோயிலைப் பளிச்சென்று ஆக்குகிறோம் என்று யாரோ கிளம்பி, மணலை வேகமாகப் பீய்ச்சும் மெஷினை அந்தச் சுவரில் காட்டிவிட்டார்கள். சுவர் பளிச்சென்றுதான் ஆயிற்று. எண்ணூறு வருட எழுத்து மாவாக உதிர்ந்தது. இப்போது உலகத்தில் அந்தக் கல்வெட்டு என்பது என் மேஜையில் விரிந்திருந்த அந்தத் தாள் ஒன்றுதான்.

எழுந்தேன். மாடிப்படி இறங்கி டீ குடித்தேன். ஏறி வந்தேன். தாள் அங்கேயே இருந்தது. மறுபடி இறங்கினேன். மூன்றாவது தடவை டீக்கடைக்காரர், "என்ன சார், வீட்ல சண்டையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். இப்போது சொல்லக் கூசுகிறது. திரையில் மூன்றாம் வரிக்குப் போய், பக்கத்திலிருந்த கறுப்பை எடுத்து அந்தக் குருவிப் பாதத்தின் மேல் பூசினேன். ஒரு நிமிட வேலை. சில்லு போயே போய்விட்டது. படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த நிம்மதி சரியாக இருபது நிமிடம் இருந்தது.

கதவு படாரென்று திறந்தது.

"சில்லு எங்கடா?"

அக்கா என்னை 'டா' போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"எந்தச் சில்லு அக்கா?"

"மூணாவது வரியில. கடைசி எழுத்துல. அதைப் போய் எதுக்கு அழிச்சே?"

"அழுக்குன்னு நினைச்சேன். நீங்கதானே முகத்தைக் கழுவச் சொன்னீங்க."

"அழுக்கா? அதுதான் அவ கையெழுத்து! வா இங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவர் அறையில் புத்தகத்தின் அச்சுப்படிகள் மலையாகக் கிடந்தன. நாலாம் அத்தியாயத்தைப் புரட்டி என் முன்னால் போட்டார். இரண்டு பக்கம். இரண்டு இடத்திலும் அந்தப் பெயரின் கடைசி எழுத்தில் மட்டும் மூன்று கிளையாக ஒரு வெட்டு இருக்கிறது என்றும், மற்ற இருபது வரிகளில் எங்கும் இல்லை என்றும், ஆகவே அது உடைசல் இல்லை, தன் பெயரை எழுதும்போது மட்டும் அந்தப் பெண் உளியால் வேண்டுமென்றே போட்ட முத்திரை என்றும் அக்கா நிறுவியிருந்தார். படமும் உண்டு, அம்புக்குறியும் உண்டு.

"வெளிநாட்டுக்காரங்ககூட ஒத்துக்கிட்டாங்க இந்த ஒரு விஷயத்தை" என்றார். அவர் முகம் புதுமணப்பெண் மாதிரி சிவந்திருந்தது. "அட்டையில அதுதான் பளிச்சுனு தெரியணும். புரியுதா?"

புரியாமல் என்ன? திருடன் மறைக்கப் போன பொருளை வீட்டுக்காரரே சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். சில்லைத் திரும்ப வைத்து அனுப்பினேன்.

புதன்கிழமை இரண்டு தடவை அக்காவின் அறை வாசல் வரை போனேன். ஒரு தடவை போனில் இருந்தார். இன்னொரு தடவை, "என்ன?" என்றார். "ஸ்டேப்ளர் இருக்கா?" என்றேன். என் மேஜையில் ஏற்கெனவே இரண்டு ஸ்டேப்ளர் இருந்தது. மூன்றாவதை வைத்துக்கொண்டு முழித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் மனைவியின் கடைக்குப் போனேன். பழைய துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் கடை, இரண்டு மெஷின் போட்டால் மூன்றாவது ஆள் நிற்க இடமிருக்காது. அவள் ஒரு பேண்டின் காலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நூலை இழுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"கொஞ்சம் உக்காருங்களேன். நிழல் ஆடுது, தையல் தெரியல."

"உக்கார முடியல."

"அந்தக் கல்லு நிஜமாவே போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அப்ப வேற யாரும் கண்டுபிடிக்க முடியாது."

"முடியாது."

"நீங்க சொன்னாத்தான் உண்டு."

அவள் எதைச் சொல்கிறாள் என்று பிடிபடவில்லை. அதனால் சொல்லாதே என்கிறாளா, அதனால் சொல் என்கிறாளா? கேட்டேன்.

"கிழிஞ்சதைத் தைக்கறது தப்பா? தப்புன்னா நான் கடையை மூடணும்" என்றாள். "ஆனா ஒட்டுப் போட்ட சட்டையைப் புதுசுன்னு சொல்லி ஒருத்தர் தலையில கட்ட மாட்டேன். அதுவும் அவங்க அதைப் போட்டுக்கிட்டு மேடை ஏறப் போறாங்கன்னா."

"சொன்னா அக்கா செத்துடுவாங்கடி."

"அவங்க சாக மாட்டாங்க. உங்க மானம் போகும். அதுக்குத்தான் இப்படி நிழலாட்டம் ஆடிட்டு நிக்கறீங்க." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டாள். "தள்ளி நில்லுங்க, வெளிச்சம்."

கட்டிய மனைவியிடம் ஆறுதல் தேடிப் போனவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். கோபம் வந்தது. அவள் சொன்னது சரியென்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

வியாழக்கிழமையை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். அலமாரிகளைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன். ஒரு நேரத்தில், தாளில் அந்த இடத்தில் கை தவறி மையைக் கொட்டிவிட்டால் என்ன என்று யோசித்தேன். மைப்புட்டியின் மூடியைத் திறந்தும்விட்டேன். என் கையைப் பார்த்து எனக்கே பயம் வந்து, மூடியைத் திருகி, புட்டியை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தேன். முப்பது வருடமாக ஒரு துளி சிந்தாமல் இருக்கத்தான் இந்தக் கை சம்பளம் வாங்கியது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சுருளைத் தூக்கிக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனேன். கடைசி அச்சுப்படியில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"அக்கா, கையெழுத்துப் போடாதீங்க. மூணாவது வரியில அந்தப் பேர் இருக்கற இடம் நான் போட்ட ஒட்டு. ஒரு வரி தள்ளி எடுத்துட்டேன்."

அக்கா சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். தோண்டிய மண், ஈரத்துணி, எண்ணிய எண்ணிக்கை எல்லாம் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து மேல் வரியைப் பார்த்தார். கீழ் வரியைப் பார்த்தார். ஸ்கேலை வைத்து சில்லின் நடுக்கிளையை அளந்தார். மறுபடி மேலே போனார்.

"லைட் மேஜையில வை."

வைத்தேன். அடியிலிருந்து வெளிச்சம் வந்ததும், பின்தாளையும் மீறி ஒட்டின் நான்கு விளிம்பும் தெரிந்தன. பத்தொன்பது வருடமாக யாரும் இப்படி அதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் அப்படிப் பார்க்கும்படி நான் யாரிடமும் சொல்லவில்லை.

"அன்னிக்கே ஒட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா," என்றார் மெதுவாக, "மறு வாரமே போய் வேற படி எடுத்திருப்பேன். அப்புறம் ரெண்டு வருஷம் அந்தக் கல்லு அங்கதானே இருந்துச்சு. ரெண்டு வருஷம்!"

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. தப்பான வரியை எடுத்ததுதான் என் குற்றம் என்று மூன்று நாளாக அழுதுகொண்டிருந்தேன். அந்த வாரத்தில் முதல் தடவையாக நாற்காலியில் முழுதாக உட்கார்ந்தேன்.

"எந்திரி. வெளியில போ."

போனேன். தாழ்வாரத்தில் நின்றேன். உள்ளே ஏதோ விழுந்தது, புத்தகமாக இருக்கலாம். சுவர்க்கடிகாரத்தில் மூன்றே முக்கால் ஆயிற்று. அப்புறம் அவர் குரல் கேட்டது, போனில். "இல்ல, நாலு மணிக்கு வராது. அட்டையும் வேண்டாம். நாலாம் அத்தியாயம் கிடையாது. உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு." பிறகு "தம்பி" என்று உள்ளே கூப்பிட்டார்.

கண் சிவந்திருந்தது. பேச்சு மட்டும் பழைய பேச்சு.

"நீ ஒட்டினே. நான் மேல மெழுகினேன். சில்லை ரெண்டு எடத்துலயும் நான் பார்த்தேன்டா. பார்த்து ரெண்டு பக்கம் எழுதினேன். உடைஞ்ச கல்லைப் போய்க் கையெழுத்துன்னு சொன்னவளுக்குப் பேரு பூதக்கண்ணாடி."

அந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நம்ம ஆளு விளக்கு மட்டும்தான் வெச்சிருக்கா" என்றார். "போகட்டும். அதுவும் சின்ன விஷயம் இல்ல. ஆனா இன்னொரு ஆளு இருக்கான். உளி பிடிச்சவன். பிடிச்சவளாவும் இருக்கலாம், யாரு கண்டா? அந்த ஆளு பேரு அந்த எடத்துல எண்ணூறு வருஷம் இருந்துச்சு."

வெள்ளைத்தாளில் திருத்தக் குறிப்பு எழுத ஆரம்பித்தார். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே வரப்போகிற குறிப்பு. பாதியில் நிறுத்தினார்.

"போன எழுத்து எத்தனைன்னு தெரிஞ்சா அத்தனை புள்ளி வைக்கணும். தெரியலைன்னா கோடு. அகலத்தைப் பார்த்தா நாலோ அஞ்சோ வரும்." பேனாவைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார். "நீதான் அதைக் கடைசியாப் பார்த்த ஆளு. ஒரு சாண் தூரத்துல நின்னு பிரஷ்ஷால அடிச்சிருக்கே. யோசிச்சுச் சொல்லு. எத்தனை எழுத்து?"

கண்ணை மூடினேன். வண்டியின் சத்தம் ஞாபகம் வந்தது. கையில் ஈரத்துணியின் சில்லிப்பு ஞாபகம் வந்தது. மண்ணை மிதித்த செருப்புகூட ஞாபகம் வந்தது, வார் அறுந்த பழுப்புச் செருப்பு. கல் வரவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நாலு என்று சொல்லலாம், ஐந்து என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அவர் அத்தனை புள்ளி வைப்பார், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் அவருக்கு. வாய் வரை வந்துவிட்டது ஐந்து.

"தெரியலை அக்கா" என்றேன்.

அவர் பேனாவை இறக்கினார். அப்புறம் கோடு போட்டார்.

"படி எடுத்தது யாருன்னும் எழுதணும். இத்தனை வருஷமா உன் பேரை எந்தத் தொகுதியிலும் போட்டதில்ல, இதுலயா வரணும்? வேணும்னா 'அலுவலர் ஒருவர்'னு போட்டுடறேன்."

"பேரையே போடுங்க."

எழுதினார். தலைகீழாக இருந்தாலும் என்னால் வாசிக்க முடிந்தது. கல்லில் வெட்டியது என்பதற்கு நேரே கோடு. அதற்கு அடுத்த வரியில் படி எடுத்தது என்பதற்கு நேரே என் பெயர். முன்னால் அப்பாவின் முதலெழுத்தையும் சேர்க்கச் சொன்னேன். அதே பெயரில் எங்கள் அலுவலகத்தில் இன்னொருவர் இருக்கிறார்.